வழக்கம்போல செய்

மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள் அந்தப் பெண். நாலு எண்ணும்வரை இழுத்து, நாலு எண்ணும்வரை பிடித்துவைத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டுமாம். சகாயராணி இழுக்கவில்லை. இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு மூச்சு விடக் கற்றுத்தரச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டுமா என்று கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். மூடியதும் கீழே சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஏறி வரும் ரச வாடை மூக்கில் வந்து உட்கார்ந்தது. கல்யாண மண்டபத்தின் மாடியைப் பயிற்சி வகுப்புக்கு வாடகைக்கு எடுத்தால் இப்படித்தான் இருக்கும். போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளில் பாதியைப் பிய்த்துவிட்டு மீதியைச் சுவரிலேயே விட்டிருந்தார்கள், அதன் மேலேயே பேனரைக் கட்டியிருந்தார்கள். மன அதிர்ச்சிக்கும் போதைப் பழக்கத்துக்கும் ஆளான பெண்களுக்கு உதவுவோருக்கான மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கே சகாயராணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முப்பத்திநாலு பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நர்சுகள், ஆலோசகர்கள், விடுதிக் காப்பாளர்கள், சுடிதாரில் வந்த இரண்டு பெண் போலீஸ். எல்லாருக்கும் கழுத்தில் ஒரு அட்டை. அவள் அட்டையில் சகாயராணி, பெண்கள் வார்டு பொறுப்பாளர், புதுவிடியல் போதை மீட்பு இல்லம், நத்தம் ரோடு என்று எழுதியிருந்தது. செயலாளர் போகச் சொன்னதால் வந்தாள். தானாக வருகிற ஆள் அவள் இல்லை. பயிற்சி கொடுக்க வந்த மிருணாளினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கைத்தறிச் சேலை, மூக்கில் பெரிய வளையம், யாரைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு. இவளுடைய ஆயுசில் ஒரு வாந்தியைத் துடைத்திருப்பாளா என்று சகாயராணி பல்லைக் கடித்தாள். மூன்று, நாலு. வெளியே விடுங்க. விட்டார்கள். பக்கத்து நாற்காலியில் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த ஆரோக்கியதாஸ் அண்டா மூடியைத் திறந்ததுபோலப் புஸ்ஸென்று விட்டார்.

போன்களையெல்லாம் வாங்கி வைத்ததுதான் எரிச்சலிலும் எரிச்சல். சாப்பாடு முடிந்து மேலே வந்ததும் மிருணாளினி ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளியோடு வாசலில் நின்றாள். நாம் முழுசாக இங்கே இருக்க வேண்டும், அதனால் போன்கள் எல்லாம் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்றாள். போன் தூங்குமாம், குழந்தைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. பின்னாலிருந்து ஆட்கள் நெருக்கினார்கள். அப்போதுதான் சகாயராணியின் கையில் போன் அதிர்ந்தது. இல்லத்திலிருந்து இன்பசெல்வி அனுப்பியிருந்தாள், சின்ன நர்ஸ், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அக்கா வேலுத்தாய் வந்திருக்கு, தனியா, என்ன செய்ய என்று மூன்று துண்டாக எழுதியிருந்தாள். வாளியை நீட்டியபடி மிருணாளினி சிரித்துக்கொண்டு நின்றாள். சகாயராணி கட்டைவிரலால் வழக்கம்போல செய் என்று தட்டிவிட்டுப் போனை வாளியில் போட்டாள். போட்டது இரண்டு மணி. இப்போது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து. வாளி மேடையின் ஓரத்தில் ஒரு துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது, உள்ளே யாருடையதோ அவ்வப்போது உர் என்றது. பெயரை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று சகாயராணி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவசரத்தில் யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள் என்றுதான் பட்டது, எத்தனையோ பேர் வருகிறார்கள். அது பொய். பெயரைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் தட்டினாள். வேலுத்தாய் என்ற பெயரைப் பார்த்ததும், மேலே எதையும் யோசிப்பதற்குள் விரல் எழுதிவிட்டது. விரலுக்கு எட்டு வருஷப் பழக்கம்.

வழக்கம் என்றால் என்ன என்று அந்த வார்டில் யாரும் கேட்க வேண்டியதில்லை, சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. தனியாக வரும் பெண்ணை வெளிப் பெஞ்சில் உட்கார வை. டீ கொடு. பையைச் சோதனை போடு. பழைய கோப்பு இருந்தால் எடு. அதில் இருக்கும் பாதுகாவலரின் நம்பருக்குப் பேசி வரச் சொல். அவர் வந்து கையெழுத்துப் போடாமல் வார்டுக்குள் விடாதே. அப்பனோ, அண்ணனோ, புருஷனோ, நம்பர் யாருடையதாக இருந்தாலும் அவர்தான். சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தியின் அண்ணன்மார் வந்து, எங்கள் தங்கச்சியை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று முன்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். செயலாளர் எல்லார் முன்னாலும் யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஒரு சார்ட் பேப்பரை வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, லேமினேட் பண்ணி ஒட்டினார்கள். ஒட்டினார்கள் என்றுதான் சகாயராணி எப்போதும் சொல்வாள். எழுதியது அவள். அந்த ழகரச் சுழி அவளுடையது, அதை எங்கே பார்த்தாலும் தெரியும். எழுதிய பிறகு வார்டில் ஒரு பிரச்சினை வந்ததில்லை என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வார்டுக்குள்ளே வரவில்லை என்பது நிஜம்தான்.

மிருணாளினி இப்போது வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். உனக்கு என்ன கோளாறு என்று பார்க்காதீர்கள், உனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். எல்லாரும் நோட்டில் எழுதினார்கள், பெண் போலீஸ் இரண்டு பேரும் கோடு போட்டு எழுதினார்கள். சகாயராணிக்குக் கடுப்பு மண்டைக்கு ஏறியது. கேட்கலாம். கேட்டால் அழுவார்கள், அழுது முடிப்பதற்குள் இன்னொருத்தி கழிவறையில் சானிடைசரைக் குடித்திருப்பாள், மூன்றாவது ஒருத்தி வந்து கையைக் கடிப்பாள். இடது கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் பல்தடம் இருக்கிறது. ஆறு தையல். கடித்தவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே தையல் போட்டுக்கொள்ள வேண்டுமோ. நடந்தது நடந்தது என்கிறாளே, யாருக்குத்தான் நடக்கவில்லை? எல்லாருக்கும் நடந்திருக்கிறது, எல்லாருமா குடிக்கிறார்கள்? கீழே சாப்பாட்டுக்கூடத்தில் அண்டா கழுவும் சத்தம் கேட்டது, சிமெண்டுத் தரையில் இழுத்து இழுத்துத் தேய்க்கிறார்கள். வேலுத்தாய் அந்த வேலைதான் செய்தாள். கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவுகிற வேலை. இந்த மண்டபத்திலும் கழுவியிருப்பாள். போன ஆடியில் முதல் தடவை இல்லத்துக்கு வந்தபோது அவள் கைவிரல்களெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்து, நகக்கண்ணில் புளி கறுத்துக் கிடந்தது. நாக்கு குழறியது, ஆனால் சொன்னது தெளிவு. அவருதான் ஊத்திக் குடுத்தாரு சிஸ்டர், சத்தம் போடக் கூடாதுன்னு. முதல்ல ஊத்திட்டுத்தான் அடிப்பாரு. அப்புறம் எனக்கே அது இல்லாம முடியல. சகாயராணி அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினாள். கணவரின் பழக்கத்தால் குடிக்கக் கற்றுக்கொண்டார். ஒரே வரி. அத்தனையும் அதில் அடங்கிவிட்டது என்று அப்போது நினைத்தாள். கேட்காமலா இருந்தேன், கேட்டேனே, கேட்டு எழுதினேனே என்று இப்போது அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்து வாய்க்குள்ளேயே சண்டை போட்டாள்.

அதற்குப் பிறகு வேலுத்தாய் இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதவில்லை, எழுதுவதற்குக் கட்டம் இல்லை. நான் இங்க இருக்கேன்னு அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர். சகாயராணி அவள் தோளைத் தட்டினாள், தட்டியது ஞாபகம் இருக்கிறது. நான் பேசிக்கிறேன், பயப்படாத என்றாள். பேசினாள். அவள் புருஷன் தவசி அரை மணி நேரத்தில் வந்து நின்றான், சாணார்பட்டியிலிருந்து இல்லத்துக்குப் பக்கம்தான். சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருந்தான். வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே கேட்டுக்குள் கொண்டுவந்தான். ரிவர்ஸ் எடுத்தால் அந்த வண்டி பாட்டுப் பாடும், குழந்தைகள் பொம்மையிலிருந்து வருகிற மாதிரி டிங் டிங் என்று ஒரு பாட்டு. கண்ணுக்கு நல்ல ஆளாக இருந்தான். கையெழுத்துப் போட்டான், பழம் வாங்கி வந்திருந்தான், சிஸ்டர் சிஸ்டர் என்று உருகினான். மூன்றாம் நாள் கொழுந்தியாள் வீட்டு விசேஷம் என்று அழைத்துப் போனான். சிகிச்சை முடியாமல் அழைத்துப் போவதற்கும் ஒரு ஃபாரம் இருக்கிறது, அதிலும் அவனே கையெழுத்துப் போட்டான். வேலுத்தாயை முன்னால் ஏற்றவில்லை. பின்னால், சரக்கு வைக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கேட்டைத் தாண்டும்வரை அவள் சகாயராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், திட்டுகிற பார்வைகூட இல்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

நிறுத்து என்று தனக்கே சொன்னாள். புத்தி நிற்கவில்லை. அது நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. ஐப்பசி மாதம், மழைக்கு முந்தின வெக்கை. கொய்யாப்பழ வண்டிக்கு அந்தப் பக்கம் வேலுத்தாய் நின்றாள். வலது கையில் மாவுக்கட்டு, கட்டுக்கு வெளியே விரல்கள் வீங்கி மினுமினுத்தன. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. கத்தரியால் வெட்டிய மாதிரித் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலுத்தாய் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், வெட்கப்பட வேண்டியவள் தான்தான் என்பதுபோல. சகாயராணி என்ன செய்தாள்? கொய்யாப்பழம் வாங்கினாள். குனிந்து ஒவ்வொரு காயாக அமுக்கிப் பார்த்து, ஒரு கிலோ, இரண்டு கிலோ, நிமிரவே பிடிக்காமல். நிமிர்ந்தபோது அவள் இல்லை. வீட்டில் அந்தப் பழத்தை யாரும் தொடவில்லை, கூடையிலேயே அழுகி எறும்பு மொய்த்தது. புருஷன் சேவியர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், எதுக்கு இம்புட்டு என்று கேட்டார். சும்மாதான் என்றாள். இன்றைக்கும் கொய்யாப்பழ வாசனை பட்டால் அவளுக்குக் கையில் ஏதோ உடைகிற மாதிரி இருக்கும். தன் கை இல்லை, இருந்தும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு நாற்பது. இன்பசெல்வி பேசியிருக்க மாட்டாள். அது ஒரு மந்தம், ஒரு ஊசி மருந்தை எடுத்து வரச் சொன்னால் பீரோ முன்னால் நின்று யோசிக்கும். சாப்பிட்டிருக்காது இன்னும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கோப்பைத் தேடவே அரை மணி நேரம் ஆகும். எத்தனை தடவை திட்டியிருக்கிறாள், கையில் சுறுசுறுப்பு வேண்டாமா என்று. இன்றைக்கு ஒரு நாள் அந்தப் பிள்ளை சோம்பேறியாக இருந்தால் தேவலை. அல்லது தவசியின் நம்பர் மாறியிருக்கலாம். மாறியிருக்கும், இந்த ஆட்கள் மாதத்துக்கு ஒரு நம்பர் மாற்றுகிறவர்கள். அல்லது லோடு ஏற்றிக்கொண்டு எங்காவது தூரமாகப் போயிருப்பான். அவ்வளவும் இருந்தும் அவள் எதற்கு வந்தாள்? ஒரு தடவை பட்டது போதாதா? ஊரில் வேறு இல்லமா இல்லை? மதுரைக்குப் போகலாம், தேனிக்குப் போகலாம், இங்கேயே வந்து உட்கார்ந்து என் உயிரை வாங்க வேண்டுமா? கோபம் நன்றாக இருந்தது, கோபம் இருக்கிறவரை பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வரவில்லை. எழுந்துபோய் வாளியில் கைவிட்டுப் போனை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். மிருணாளினி தலையைச் சாய்ப்பாள். முப்பத்திமூன்று பேர் பார்ப்பார்கள். செயலாளரிடம் யாராவது சொல்வார்கள், உங்கள் வார்டு சிஸ்டருக்கு இரண்டு மணி நேரம் போன் இல்லாமல் இருக்க முடியவில்லை என்று. அதை அடிமைத்தனம் என்று காலையில்தான் படம் போட்டுக் காட்டினார்கள். இதற்காகவா எழுந்திருக்கப் பயப்படுகிறேன் என்று நினைத்தபோது அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

மிருணாளினி ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள். நீங்கள் ஒருவரிடம் உதவி கேட்டு, அவர் உங்கள் பேச்சைக் கேட்காமல் போன ஒரு தருணத்தை எழுதுங்கள், யாரும் படிக்க மாட்டார்கள், எழுதிவிட்டு நீங்களே கிழித்துவிடலாம் என்றாள். கிழிப்பதற்கு எதற்கு எழுத வேண்டும் என்று சகாயராணி தாளின் மேல் இயேசு மரி சூசை என்று எழுதி அடிக்கோடிட்டாள், பள்ளிக்கூடப் பரீட்சையில் எழுதுவதுபோல. அதற்குக் கீழே பேனா நின்றது. மடித்த படுக்கை விரிப்புகளின் கஞ்சி வாசம் வந்தது. வரக் கூடாது, ரச வாடைதானே இங்கே இருக்கிறது, ஆனால் வந்தது. இருபத்திமூன்று வயது, முதல் வேலை, வேறொரு ஊர், வேறொரு ஆஸ்பத்திரி. மதியம் இதே நேரம் இருக்கும். துணி அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, வெளிப்பக்கம் இல்லை. உள்ளே வந்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்ட டாக்டரின் கைக்கடிகாரம் அவள் காதோரத்தில் உரசிக்கொண்டே இருந்தது, அதன் சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது, மற்றது எதுவும் இல்லை என்று அவள் முடிவு பண்ணி வைத்திருக்கிறாள். தலைமை நர்சான மேட்ரனிடம் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கெஞ்சினாள், வீட்டுக்கு மட்டும் எழுதாதீர்கள் மேடம் என்று. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கல்யாணமாகாத பிள்ளை, தகப்பனாருக்குத் தெரிவிப்பதுதான் இங்கே வழக்கம் என்றார். அப்பா பஸ் ஏறி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாற்பதாம் நாள் கல்யாணம். மறுபடி வேலைக்குப் போக இரண்டு வருஷம் ஆனது. சேவியர் நல்ல மனிதர்தான், அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மேட்ரன் செத்துப் பத்து வருஷம் இருக்கும், சகாயராணி இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. அவருக்காக ஒரு ஜெபம் சொன்னதில்லை. டாக்டரைக்கூட மறந்துபோகிற நாட்கள் உண்டு. மேட்ரனை மறந்த நாள் கிடையாது. இரவு தூங்குவதற்கு அரை மாத்திரை போட்டுக்கொள்வாள், ஆறு வருஷமாக. அரை என்று சொல்வாள். இப்போது ஒன்றரை. வார்டில் பிள்ளைகளிடம் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்குத் தன் கணக்கு மட்டும் எப்போதும் அரை மாத்திரைதான். அது வேறு, அது தூக்கத்துக்கு.

தாளை நாலாக மடித்து ஹேண்ட்பேக்குக்குள் திணித்தாள். அப்போது மிருணாளினி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நடித்துக் காட்டும் பயிற்சியாம். சகாயராணி சிஸ்டர் சிகிச்சைக்கு வந்த பெண், ஆரோக்கியதாஸ் சார் சேர்க்கிறவர். நடுவில் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டார்கள். முடியாது, எனக்கு முட்டுவலி என்றாள். உட்கார்ந்துதானே செய்யப் போகிறீர்கள் என்றாள் அந்தச் சிரிப்புக்காரி, எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியதாஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மடியில் நோட்டை வைத்து ஆசையாகத் தயாரானார். நல்லவர், பேத்தியின் போட்டோவைக் காலையிலேயே எல்லாருக்கும் காட்டியவர். கடிகாரத்தில் மூன்று ஆகப்போகிறது. சகாயராணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நோட்டும் பேனாவும் எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன என்று நினைத்தாள். ஆரோக்கியதாஸ் கனிவாகப் பேரைக் கேட்டார். ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். வேலுத்தாய் என்றாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றாள். எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு அவர், வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்கம்மா என்றார்.

"அவருக்குச் சொல்லிராதீங்க சார்" என்றாள் சகாயராணி. குரல் அவளுடையதாக இல்லை.

ஆரோக்கியதாஸ் பயிற்சியில் காலையிலிருந்து கற்றதையெல்லாம் மறந்துவிட்டார் போலிருக்கிறது, அல்லது கையில் பேனா இருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் வருமோ என்னவோ. குனிந்து எழுதிக்கொண்டே, இடது கையை நீட்டி அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சொல்லாம எப்படிம்மா, கையெழுத்து வேணும்ல? நான் பேசிக்கிறேன், பயப்படாதீங்க."

வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிருணாளினி கையைத் தட்டி நிறுத்தினாள். இப்போது சிஸ்டரின் உடம்பு என்ன செய்தது, கவனித்தீர்களா, வலது கையை இடது கையால் எப்படி மூடிக்கொண்டார்கள் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். முப்பத்திமூன்று பேரும் பார்த்தார்கள். சகாயராணியும் குனிந்து பார்த்தாள். தன் வலது மணிக்கட்டைத் தானே இறுக்கிப் பிடித்திருந்தாள், மாவுக்கட்டு போடுகிற இடத்தில். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லார் மேலும் வெறுப்பு வந்தது, இந்தப் பெண்மேல், ஆரோக்கியதாஸ்மேல், பேத்தியின் போட்டோமேல், நோட்டெடுக்கும் போலீஸ்காரிகள்மேல். அது சுற்றிச் சுற்றி வந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. மேட்ரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற இடத்தில் இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தான் நிற்கிறோம் என்பது தெரிந்தது. அந்த அம்மாள்கூட அதைப் பேப்பரில் எழுதி லேமினேட் பண்ணி ஒட்டவில்லை. எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேடைக்குப் போய் வாளியின் துண்டைத் தூக்கி எறிந்தாள். ஒரே மாதிரிக் கறுப்புப் போன்களாகக் கிடந்தன, இரண்டு கையையும் விட்டுக் கிண்டினாள், சில தரையில் விழுந்தன. சிஸ்டர், மெதுவாக ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பின்னாலிருந்து மிருணாளினி சொன்னாள். உன் மூச்சை நீயே வச்சுக்கம்மா என்று திரும்பாமலே சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை.

போனில் மூன்றாவது மணி அடித்ததும் இன்பசெல்வி எடுத்தாள். கூப்பிட்டாயா என்று கேட்டாள் சகாயராணி. யாரை என்று கேட்கவில்லை அந்தப் பிள்ளை. கூப்பிட்டுட்டேன்க்கா, நீங்க மெசேஜ் போட்ட உடனேயே என்றாள், குரலில் இன்றைக்காவது திட்டு இல்லை என்ற சந்தோஷம். நம்பர் மாறவில்லையாம். அவர் செம்பட்டியில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறாராம், இறக்கியதும் வருகிறேன் என்றாராம், சிஸ்டருக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாராம். சகாயராணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்டைப் பூட்டச் சொன்னாள். உள்கேட்டையும் வெளிக்கேட்டையும். வேலுத்தாயை வார்டுக்குள் கொண்டுபோய்க் கடைசிக் கட்டிலில் படுக்க வை, யார் வந்து கேட்டாலும் இங்கே இல்லை என்று சொல், போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல் என்றாள். இன்பசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்து இல்லாமல் எப்படியக்கா உள்ளே விடுவது என்று கேட்டாள். சார்ட்டில் எழுதியிருக்கிறதே என்றாள்.

"அதைக் கிழிச்சுப் போடு. கையெழுத்து நான் போடுறேன்."

அந்தப் பக்கம் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது, பூட்டு விழும் சத்தம் ஒன்று கேட்டது. ஒன்றுதான். உள்கேட்டா வெளிக்கேட்டா என்று தெரியவில்லை. போனை வேலுத்தாயிடம் கொடு என்றாள் சகாயராணி. என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்து வைக்கவில்லை. பயப்படாத என்று மட்டும் சொல்லக் கூடாது, அந்த வார்த்தையை அவளிடம் ஒரு தடவை செலவழித்தாகிவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற செருப்புச் சத்தம், பிறகு மூச்சு, மூக்கடைத்த ஒரு மூச்சு. குடித்திருக்கவில்லை. அதுதான் முதலில் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் போனிலேயே தெரியும் அவளுக்கு. குடிக்காமல், நடுங்கிக்கொண்டு, நிதானத்தில் வந்திருக்கிறாள்.

"சிஸ்டர், போன தடவை உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சு. பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்தீங்கள்ல, கையைப் பாத்தீங்கள்ல. அதான் இந்தத் தடவை சொல்ல மாட்டீங்கன்னு நம்பித்தான் இங்கயே வந்தேன்" என்றாள் வேலுத்தாய். அதற்குப் பிறகு மெதுவாக, குறை சொல்கிற தொனியே இல்லாமல் கேட்டாள். "யாரு சிஸ்டர் சொன்னது? இந்தச் சின்னப் பிள்ளையா?"

படிக்கட்டுக்குக் கீழே பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டார்கள். ஆமாம் என்று சொல்லலாம். சின்னப் பிள்ளை, புதுசு, தெரியாமல் செய்துவிட்டது. இல்லாவிட்டால் இல்லத்து வழக்கம், செயலாளர் உத்தரவு, ஃபாரத்தில் அப்படி இருக்கிறது. எல்லா வாக்கியமும் தயாராக நாக்கில் நின்றது, எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி மழுங்கியவை. சகாயராணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அந்தப் பிள்ளை இல்ல வேலுத்தாயி. நாந்தான் சொல்லச் சொன்னேன். போன தடவையும் நாந்தான். நீ உள்ள போ, கதவைத் தொறக்காத, நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

வேலுத்தாயின் மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே இழுத்தது, பிடித்துவைத்தது, விடவே இல்லை. அப்போது போனுக்குள் எங்கோ தூரத்தில் டிங் டிங் என்று பொம்மைப் பாட்டு ஆரம்பித்தது. வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. சகாயராணி படிகளில் ஓடினாள். மண்டபத்து வாசலில் ஒரு ஆட்டோகூட இல்லை. இல்லம் அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர்.